பச்சை மூடி

ஏற்காட்டிலிருந்து முதல் பஸ்ஸில்
டிரைவர் இருக்கைக்குப் பின்னால்
கயிறு போட்டுக் கட்டிய தெர்மோகோல் பெட்டி.
இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்தும்
ஒரு துளி உறையவில்லை.
உறையாது.
ஏழு பேருக்கும் அதுதான் நோய்.

அஸ்தம்பட்டியில் பல் மருத்துவமனைக்கு மேல்மாடி
எங்கள் ஆய்வகம்.
கீழே யாருடைய பல்லையோ துளைக்கும் சத்தத்தில்
நான் செல்களுக்குத் தீனி வைப்பேன்.
என்னிடம் கேட்பது ஒரே கேள்வி:
இந்த இரத்தம் அந்த வைரஸை உள்ளே விடுமா?

நோய் தராத வைரஸ்.
உள்ளே இருந்ததை வழித்துப் போட்டுவிட்டு
இவர்களிடம் இல்லாத மரபணுவை
ஏற்றி அனுப்பப் போகிறார்கள்.
எப்போதோ ஒரு சளியோடு அது வந்துபோயிருந்தால்
இரத்தம் நினைவு வைத்திருந்து மறிக்கும்.
மறித்தால் ஆளைச் சேர்க்க மாட்டார்கள்.
சோதனைக்கு வரும் வைரஸில் மட்டும்
ஒரு வெளிச்ச மரபணு;
உள்ளே போனால் செல் பச்சையாய் ஒளிரும்.

தட்டில் இருக்கும் குழிகளைக்
கிணறு என்றுதான் சொல்வோம்.
ஏழு கிணறும் இருட்டு.

ஏழு முறை 'இல்லை' என்று தட்டினேன்.
மூன்றாவது பெயர் சேர்வராயன், வயது இருபத்துநாலு, நாகலூர்.
மலையின் பெயரை வைத்துக்கொண்டு
மிளகுக் கொடிக்கு ஏணி ஏற முடியாதவன்.
முட்டி வீங்கி வீங்கி
எஸ்டேட்டில் கணக்கு எழுத உட்கார வைத்துவிட்டார்கள்.
"ஊசி எப்பக்கா?" என்று
ஒருமுறை போனில் கேட்டிருக்கிறான்.

மெயில் போகவில்லை.
குப்பைக் கூடையில் எதற்கோ குனிந்தபோது பார்த்தேன்:
ஏழு குழாய்,
ஏழு பச்சை மூடி.
நீலம் வர வேண்டிய இடத்தில்.

பச்சை என்றால் ஹெப்பாரின்.
பன்றிக் குடலிலிருந்து பிரிக்கும் சர்க்கரைச் சங்கிலி.
இரத்தம் கட்டாமலிருக்கக்
குழாயின் உட்சுவரில் பூசி வருவது.
உறையாத இரத்தத்துக்கு
உறையாதிருக்க மருந்து!
சிரித்தேன். பாதியில் நிறுத்தினேன்.

செல்லின் மேல் ரோமம் போல நிற்பதும்
ஏறக்குறைய அதே சங்கிலி.
இந்த வைரஸுக்குக் கண் கிடையாது,
அதைத் தொட்டுத்தான் வீடு என்று அறியும்.
ஆடிப் பண்டிகையில்
கோட்டை மாரியம்மன் கோயில் நெரிசலில்
அம்மாவின் மஞ்சள் சேலை என்று
யாரோ ஒருத்தியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு
முதல் அக்ரஹாரம் வரை போய்விடுமே பிள்ளை,
அப்படி.
யாரும் அதை விரட்டவில்லை.
பிடித்த கையை அது விடவில்லை.

"நீலம் தீந்துபோச்சு மேடம்,
பச்சையும் உறையாதுதானே?" என்றார் ரோசலின் சிஸ்டர்.
உறையாது சிஸ்டர்.
அதுதான்.

மறுபடி இரத்தம் வேண்டும் என்று
ஒரு வரியில் எழுதிவிடலாம்.
அவர்களுக்கு ஒரு குத்து என்பது
அரை மணி நேரம் பஞ்சை அழுத்திப் பிடிப்பது,
மறுநாள் முழங்கை நீலமாவது.
எழுதினேன்.

புதன்கிழமை பெட்டியில் ஏழும் நீல மூடி.
வெள்ளி இரவு விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தேன்.
ஒன்று பச்சை. இரண்டு பச்சை.
நான்கு, ஐந்து, ஏழு,
மழைக்குப் பின் குளத்துப் பாசி மாதிரி.

ஆறு இருட்டு.
மூன்று இருட்டு.

மூன்றை மறுபடி செய்தேன்.
இருட்டு.
இந்த முறை மூடியைச் சொல்ல முடியாது.
அவன் இரத்தத்துக்கே நினைவிருக்கிறது,
அவனுக்கு நினைவில்லாத ஏதோ ஒரு காய்ச்சல்.

டாக்டர் சொல்லட்டும் என்று விட்டிருக்கலாம்.
இரண்டாவது குத்து நான் கேட்டது.
நானே கூப்பிட்டேன்.

கொஞ்ச நேரம் காற்றுதான் கேட்டது.
சில்வர் ஓக் இலைகளாய் இருக்கலாம்.
"அப்ப மொதல்ல வந்ததும் சரிதானேக்கா?"

ஆமாம் என்றேன்.
இல்லை என்றும் சொன்னேன்.
விளக்கப் போனேன், சர்க்கரைச் சங்கிலி, நீலம், பச்சை.
அவன் கேட்டுக்கொண்டிருந்தான்,
கணக்கு எழுதுகிறவனின் பொறுமையோடு.

"கை எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"நின்னுருச்சுக்கா.
முக்கா மணி நேரம் ஆச்சு."